அனாமத்தில் போன 45 மில்லி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமலே எரிகிறது, என்ன செய்வது? நீங்கள் கொடுத்த பதில் இரண்டு வரி. ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கிப் பாருங்கள். அப்படியும் எரிந்தால் பிரேக் ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள், விளக்கு அணைந்துவிடும்.

அணைந்துவிடும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மெக்கானிக் இல்லை. 31 வருஷம் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவள். எங்கள் தொழிலில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. வரவும் செலவும் ஒத்துப் போகாவிட்டால், உதைக்கிற தொகையை அங்கே எழுதி ஐந்தொகையைச் சமன் செய்துவிடுவார்கள். தாளில் எல்லாம் அழகாக இருக்கும். பணம் எங்கே போனது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அப்படிப்பட்ட நான் என் சொந்தக் காரில் அனாமத்து எழுதவிட்டு, ஐந்து வாரம் அதை ஓட்டினேன்.

எங்களுடையது ஒன்பது வருஷத்துச் சின்னக் கார். முன்னால் டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை இரண்டு பேட் கட்டைகள் கவ்விப் பிடிக்கும்), பின்னால் டிரம் பிரேக் (கிண்ணம் மாதிரியான டிரம்முக்குள் ஷூ என்கிற கட்டைகள் உரசிப் பிடிக்கும்). ஒருநாள் இடதுபக்கம் திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஏதோ மினுக்கென்றது. நேரே வந்ததும் இல்லை. வெயில் பட்டுத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் ஒவ்வொரு திருப்பத்திலும் மினுக்கியது, இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் மினுக்கியது. அப்புறம் ஒரு காலையில் எரிந்தது எரிந்தபடியே நின்றுவிட்டது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி வளைவு.

அந்த மினுக்கலுக்கு எவ்வளவு நேரடியான அர்த்தம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதில் ஒரு சின்னக் காந்தம். ஆயில் இறங்க இறங்க மிதவையும் இறங்கி, ஒரு மட்டத்துக்கு வந்ததும் காந்தம் ஒரு சுவிட்சை மூடி விளக்கை எரிய வைக்கும். ஆயில் அந்த மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்போது வண்டி திரும்பினால், ஆயில் ஒரு பக்கமாகச் சாயும். மிதவை ஒரு நொடி தாழும், விளக்கு ஒரு நொடி எரியும். நிலைத்து எரிவதற்குச் சில நாள் முன்பே கார் சொல்லிப் பார்த்திருக்கிறது. நான்தான் வெயில் மேல் பழி போட்டேன்.

பழகிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்த தம்பி, டப்பாவைப் பார்த்தார், மூடியைத் திறந்தார், ஊற்றினார், மூடினார். "ஆயில்தான் கம்மியா இருந்துச்சும்மா. விளக்கு அணைஞ்சிடுச்சு பாருங்க, தைரியமா போங்க." மொத்தம் நாலு நிமிடம். மிச்ச ஆயில் இருந்த பாட்டிலை என் கையிலேயே கொடுத்துவிட்டார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எங்கே போனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அப்படிச் செய்திருந்தால் நாற்காலியில் உட்கார விட்டிருக்க மாட்டேன்.

முப்பத்தேழாம் நாள் மறுபடியும் மினுக்கியது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பிரேக் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. அது மூடிய வட்டத்துக்குள் இருக்கிறது. மட்டம் இறங்கினால் காரணம் இரண்டில் ஒன்று: இடம் மாறியிருக்கிறது, இல்லை வெளியே போயிருக்கிறது. இடம் மாறுவது எப்படி? முன் சக்கரத்தின் பேட் தேயத் தேய, அதைத் தள்ளுகிற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து நிற்கும். பிஸ்டனுக்குப் பின்னால் உண்டாகும் காலி இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். இது கசிவு இல்லை, தேய்மானம். பின்னால் இருக்கிற டிரம் ஷூவும் தேயும். ஆனால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு அதில் இருப்பதால் அது ஆயிலை அவ்வளவாக இழுக்காது.

என் காரின் முன் பிஸ்டன் விட்டம் 54 மில்லிமீட்டர். பேட் புதிதாக இருந்தபோது 10 மில்லிமீட்டர் தடிமன்; பிற்பாடு அளந்தபோது 4 இருந்தது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேட், ஆளுக்கு 6 தேய்ந்தால் பிஸ்டன் 12 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பரப்பளவால் பெருக்கினால் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 27 மில்லி, இரண்டுக்கும் சேர்த்து 55. போன தடவை பேட் மாற்றியபோது ஆயில் மேல் கோட்டில் இருந்தது என்பது என் வண்டி நோட்டில் இருக்கிறது. (வீட்டில் இந்த நோட்டைப் பற்றிக் கேலி பேசாதவர் இல்லை.) பட்டறையில் ஊற்றியது எவ்வளவு? 250 மில்லி பாட்டில், மிச்சம் 150. ஆக உள்ளே போனது 100. பேட் கணக்கில் 55 போனால் பாக்கி 45.

அந்த 45 மில்லிக்கு வவுச்சர் இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி அடுத்த 37 நாள். ஐந்து வாரத்தில் எந்தப் பேடும் டப்பாவைக் காலி செய்கிற அளவுக்குத் தேயாது. ஆக வெளியே போகிறது. ஆனால் கார் நிற்கிற இடத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை. எங்கள் வீட்டுக்காரர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒழுகல் எல்லாம் இல்ல, நீ சும்மா பயப்படுற" என்றார்.

வண்டியை வெளியே எடுக்கவில்லை. சமதளத்தில் நிறுத்தி, மீதி ஆயிலை மேல் கோடு வரை ஊற்றி, டப்பாவின் வெளிப்பக்கம் அந்த மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாகப் பிடித்தேன். இன்ஜின் போட்டதும் மிதி ஒரு துளி தாழ்வது இயல்பு, கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருகிற பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறமும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால்தான் கோளாறு: எங்கோ கசிகிறது, அல்லது மிதித்ததும் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. இந்த இரண்டாவது ரகத்தில் டப்பாவில் மட்டம் குறையாது, விளக்கும் எரியாது. கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் மிதி இறங்கியது, ஆனால் ரொம்பக் கொஞ்சம். நானாக இறக்கினேனா, அதுவாக இறங்கியதா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. அதனால் நாற்பது ஐம்பது தடவை மிதித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஆயில் டேப்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே இருந்தது.

இழுவை வண்டியை வரவழைத்து வேறொரு பட்டறைக்கு அனுப்பினேன். "பிரேக்தான் பிடிக்குதே, ஓட்டிக்கிட்டே போகலாமே" என்றார் வீட்டுக்காரர். பிடிக்கத்தான் செய்யும். இன்றைய கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனித்தனி வட்டமாகப் பிரிந்திருக்கும். ஒன்று செத்தாலும் மற்றது மிச்சம் இருக்கும். ஆனால் மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் நீளும். அந்த மிச்சத்தை நம்பிச் சாலையில் இறங்க எனக்கு மனசில்லை.

இரண்டாவது பட்டறைக்காரர் பானட்டையே திறக்கவில்லை. நேரே நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பின் இடது டயரின் உள்பக்கம் ஈரக்கோடு, அதன் மேல் தூசி அப்பிக் கருப்பாக இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் டிரம்முக்குள்ளேயே வழிந்து, ஷூவில் ஊறியிருந்தது. தரையில் சொட்டு இல்லாததற்கு அதுதான் காரணம். டிரம் ஒரு கிண்ணம் மாதிரி பிடித்து வைத்துக்கொண்டது. இப்படி ஒளிகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது என்றார்: மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், வெளியே ஒரு துளியும் தெரியாது.

சிலிண்டர் மாற்றி, ஷூவை இரண்டு பக்கமும் மாற்றி (ஆயில் குடித்த ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது), ஏர் எடுத்து (குழாயில் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றுவது), முன் பேடும் 3 மில்லிமீட்டரை நெருங்குகிறதே என்று அதையும் மாற்றினார். பேட் மாற்றும் முன் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். ஏன் என்று கேட்டேன். புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நகர்ந்துபோன ஆயிலெல்லாம் டப்பாவுக்குத் திரும்பி வரும், இடையில் யாராவது மேல் கோடு வரை நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும் என்றார். ஆக, உங்கள் பதிலில் சொன்னபடி தேய்ந்த பேடுக்கு மேல் ஆயிலை ஊற்றி வைத்தால் இரண்டு கெடுதல். பேட் தேய்ந்ததைச் சொல்ல வந்த விளக்கு அணைந்துவிடும். பேட் மாற்றும் நாளில் ஆயில் வழியும்.

நான் சொல்ல வந்தது இதுதான், ஐயா. ஊற்றுவது கடைசி வேலை. முதலில் பேடைப் பாருங்கள், நான்கு சக்கரத்தின் உட்புறத்தைப் பாருங்கள், டப்பாவில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முன்னால் ஊற்றினால் தடயத்தை நாமே கழுவிவிட்டதாக ஆகும்.

ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிவது வேறு கதை. பல கார்களில் ஒரே மணியை மூன்று பேர் அடிக்கிறார்கள்: ஹேண்ட்பிரேக் சுவிட்ச், ஆயில் மிதவை, ஏ.பி.எஸ். (அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கம்ப்யூட்டர். யார் அடித்தது என்று விளக்கு சொல்லாது. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வர வேண்டும்.

ஹேண்ட்பிரேக் சுலபம். லீவரை ஒரு பல் மேலே இழுத்து முழுதாக இறக்க வேண்டும். விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தால் சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. என் அண்ணன் காரில் லீவர் அடியில் பேரனின் பென்சில் துண்டு மாட்டி, இரண்டு வாரம் விளக்கு எரிந்தது. அதைச் சிரித்துவிட்டு விடலாம். லீவர் இறங்கியும் கேபிள் இறுகி நின்றால் சிரிக்க முடியாது. சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு பின் சக்கரம் மட்டும் கொதிக்கும், கருகல் வாடை வரும்.

மிதவையைச் சோதிக்க டப்பாவில் செருகியிருக்கும் ஒயர் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஆயில் நிறைய இருந்தும் விளக்கு எரிந்து, இணைப்பைக் கழற்றியதும் அணைந்தால், பெரும்பாலும் மிதவை மூழ்கிவிட்டது அல்லது சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. கழற்றியும் எரிந்தால் கோளாறு வேறெங்கோ. இது பல கார்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் இல்லை. சில வண்டிகளில் இணைப்பு கழன்றாலே விளக்கு எரியும்படி வைத்திருக்கிறார்கள். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வைப்பது நல்லது.

சிவப்பும் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கும் ஒன்றாக எரிந்தால் அது தனி ரகம். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் விசையைப் பங்கு போடுகிற வேலையும் நின்றிருக்கலாம் என்று அர்த்தம். அப்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டி, வண்டி பக்கவாட்டில் சுழல வாய்ப்பு உண்டு. ஏ.பி.எஸ். கோளாறைப் படிக்க அதற்குரிய ஸ்கேனர் வேண்டும்; மலிவாகக் கிடைக்கிற பல கருவிகள் இன்ஜின் கோளாறை மட்டும் படித்துவிட்டு, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். சக்கரத்தில் உள்ள வேக சென்சாரில் அழுக்கோ, அறுந்த ஒயரோ என்பது அடிக்கடி வருகிற காரணம். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலும் சில கார்களில் இப்படி விளக்குகள் சேர்ந்து எரியும்.

ஊற்றத்தான் வேண்டும் என்ற நிலைமை வந்தால் டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை; டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் தர விதி. என் கையில் அந்தத் தம்பி கொடுத்த திறந்த பாட்டில் 37 நாள் அலமாரியில் இருந்தது. அதை ஊற்றியதும் தப்புத்தான், ஏர் எடுத்தபோது பழையதெல்லாம் வெளியே போனதால் பிழைத்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இந்த ஈரத்தால்தான். விளக்கு அளவைத்தான் பார்க்கும், தரத்தைப் பார்க்காது. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலைத் தெரியாமல் ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் உப்பிப் போகும், அப்புறம் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

எரிகிற விளக்கைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். எரியாத விளக்கைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். பல்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. என் தோழி ஒருத்தி பழைய கார் வாங்கினாள். சாவி போட்டாலும், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாலும் சிவப்பு வரவே இல்லை. டேஷ்போர்டைப் பிரித்தால் பல்பையே கழற்றியிருந்தார்கள். மிதவை ஒயரும் அறுத்துச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. டப்பாவில் ஆயில் கீழ் கோட்டுக்கும் கீழே. விற்றவரைக் கேட்டால், "அது சும்மா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாராம். அனாமத்தில் எழுதுவது ஒரு தப்பு என்றால், இது பேரேட்டையே கிழித்துப் போடுவது. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால், சாவியைத் திருப்பி எந்தெந்த விளக்கு எரியவில்லை என்று பார்ப்பது நல்லது.

கடைசியாக உங்கள் படத்தைப் பற்றி. பதிலோடு கருப்பு வெள்ளையில் ஒரு குறி அச்சாகியிருந்தது. வட்டம், பக்கத்துக்கு மூன்று சின்னக் கோடு. அது பிரேக் ஆயில் விளக்கே இல்லை. பேட் தேய்ந்ததைச் சொல்லும் குறி, மஞ்சளில் வரும், எல்லாக் காரிலும் இருக்காது. வாசகர் கேட்டது வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. இந்தக் குறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்று உலகப் பொதுத் தரம் இருக்கிறது. அதைப் பார்த்து வரைந்தால் பிழை வராது. சிவப்பு என்றால் ஓரமாக நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி. அதைக் கருப்பு மையில் போட்டால் வாசகருக்கு என்ன புரியும்? அடுத்த வாரம் இரண்டு குறியையும் பக்கத்தில் பக்கத்தில், அதனதன் நிறத்தில், போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பேட் கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்

பின்குறிப்பு: டப்பாவில் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. வேலை முடிந்த அன்று புது மட்டத்துக்கு நகர்த்தி ஒட்டியது நான்கு மாதமாக அப்படியே இருக்கிறது. இன்று காலை பானட்டைத் திறந்தபோது எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "இறங்கியிருக்கா?" என்று கேட்டார். இல்லை.